காவலில் இருக்கும் குரல்

செத்துப்போன என் மனைவி என்னோடு மறுபடி பேசியது அரசாங்கத்தின் தொலைபேசியில். இதைச் சொன்னால் எனக்கு மண்டை குழம்பிவிட்டது என்பீர்கள். குழம்பவில்லை. நான் மெத்தை தைக்கிறவன். சோபா, நாற்காலி, வண்டி இருக்கை, எதுவானாலும் பிரித்துப் பார்த்து, உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஊசியை எடுப்பேன். பேய் பிசாசுக்கெல்லாம் மயங்குகிற ஆள் இல்லை.

நிழற்குடை நிதி நிறுவனம் ஓடிப்போய்விட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். நாலு மாடிக் கட்டடம் எப்படி ஓடும்? முதலாளிதான் ஓடினார். கட்டடம் அங்கேயேதான் நின்றது, அதன் வாசலில் நாங்கள் எல்லோரும் நின்றோம். எங்கள் சேமிப்பு மொத்தமும் அதற்குள்தான் போயிருந்தது. மோசடி முதலீட்டுத் தடுப்பு இயக்ககம் என்று ஓர் அரசு அலுவலகம் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத நேரமாகப் பார்த்து வந்து, கதவுக்குச் சீல் வைத்து, புகார் சொல்வதற்கு ஒரு தொலைபேசி எண்ணைப் பத்திரிகையில் போட்டார்கள்.

பணம் போனது எனக்குப் பெரிய துக்கமாகப் படவில்லை. அவள் போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குமேல் துக்கப்பட என்னிடம் இடமில்லை. வெளியூரில் இருக்கும் என் மகள்தான் விடவில்லை. "அப்பா, ஒரு ஃபோன் பண்ணிப் பதிஞ்சு வைங்க. கிடைக்குதோ இல்லையோ, நாம சும்மா உட்கார்ந்திருந்ததா இருக்க வேண்டாம்" என்றாள். சரி, கழுதை, பேசித் தொலைப்போம் என்று கடையில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினேன்.

"வணக்கம். உங்க பணம் பத்திரமா இருக்கு. நிம்மதியா இருங்க. எங்க ஆள் சீக்கிரமே உங்ககிட்ட பேசுவாங்க."

அவள்தான். அதன் பிறகு ஒரு காகிதத்தைக் கீழே வைக்கிற சரசரப்பு. ஒரு மூச்சு. "அதுவரைக்கும் நான் இருக்கேன்."

கையில் இருந்த ஊசி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பிரித்துப் போட்ட பஞ்சுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து வந்தது. மறுபடி காகிதம், மறுபடி மூச்சு. எத்தனை தடவை கேட்டேனோ, நடுவில் லைனில் ஓர் ஆள் நுழைந்து, "சொல்லுங்க, என்ன புகார்?" என்றான். எனக்கு வந்ததே கோபம். "நடுவுல பேசாதீங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பிள்ளை அம்மாவைத் தேடி அழுகிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருப்பாள். மைக்கம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். வண்டி வரும் என்று அவள் சொல்லிவிட்டால், வராத வண்டிக்கும் ஜனங்கள் நம்பி நிற்பார்கள். ஆனால் அத்தனை வருஷம் அவள் பேசியதெல்லாம் காற்றோடு போனது. யாரும் பிடித்து வைக்கவில்லை. நானும்தான். வீட்டில் ஓயாமல் பேசுகிறவளின் குரலை யார் எடுத்து வைப்பார்கள்? கொஞ்சம் வாயை மூடேன் என்றுதானே சொல்வோம். அவள் போன பிறகு நிலையத்தில் வெளிச்ச எழுத்து ஓடுகிற பலகை ஒன்றை மாட்டிவிட்டார்கள். வீட்டில் மாட்டியிருக்கும் போட்டோவில் அவள் எதையோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு நினைவில்லை.

அவள் குரல் நிழற்குடைக்குப் போனது என் வேலை வழியாக. அவர்களுடைய காத்திருப்புக் கூடத்துச் சோபாக்களை நான்தான் தைத்தேன். ரெக்சின் நிறம் பார்த்துச் சொல்ல அவளைக் கூட்டிப் போயிருந்தேன். "பச்சை வேண்டாங்க, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்று அவள் சொன்னதை முதலாளி கேட்டுவிட்டார். அந்த ஒரு வாக்கியத்திலேயே அவர் கண்ணுக்கு இன்னும் நாலு கிளை அலுவலகம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்து, தொலைபேசிக்குப் பேசித் தரச் சொன்னார். கூலிக்குப் பதில் ஒரு முதலீட்டுப் பத்திரம். படித்து முடித்துக் காகிதத்தைக் கீழே வைத்தவள், அதில் இல்லாத ஒரு வரியைத் தானாகச் சேர்த்தாள். எதற்கு அது என்று வரும் வழியில் கேட்டேன். "பாவங்க, ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டு தனியா நிப்பாங்க இல்ல" என்றாள்.

முதலாளி ஓடியதும் பணம் போனதும் அவளுக்குத் தெரியாது. அதற்கு முன்பே காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டாள். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நிம்மதி.

அன்றிலிருந்து மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த எண்ணைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவள் இருந்தபோது கூண்டிலிருந்து என்னைக் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். இப்போது என் முறை. "சாப்ட்டியா?" என்பேன். "உங்க பணம் பத்திரமா இருக்கு" என்பாள். உயிரோடு இருந்தபோதும் நான் ஒன்று கேட்டால் அவள் வேறொன்றுதான் சொல்வாள், அதனால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடைசி வரி வரும்வரை இருந்துவிட்டு வைத்துவிடுவேன். அதன் பிறகுதான் சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். சாதாரண உடை, அசாதாரணமான பளபளப்பில் ஷூ.

"தினமும் மத்தியானம் கூப்பிட்டு சாப்ட்டியான்னு கேட்கற ஆள் நீங்கதானா?"

"ஆமா. ஏன்?"

"வண்டியில ஏறுங்க."

இயக்ககத்துக்கு என்று சொந்தக் கட்டடம் கிடையாதாம். நிழற்குடையைப் பறிமுதல் செய்த கையோடு அதிலேயே குடி வந்துவிட்டார்கள். தாங்கள் சீல் வைத்த முன்கதவைத் தாங்களே உடைப்பது குற்றம் என்பதால், பின்பக்கச் சுவரை இடித்து வழி செய்திருந்தார்கள். உள்ளே எதுவும் மாறவில்லை. நான் தைத்த சோபா, டோக்கன் கக்குகிற இயந்திரம், சுவரில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் குடும்பம். தொட்டிச் செடிகள் மட்டும் காய்ந்து குச்சியாக நின்றன. பறிமுதல் செய்த பொருளின் நிலையை மாற்றக் கூடாது என்று விதி இருப்பதால் யாரும் தண்ணீர் விடவில்லை.

வரவேற்பு மேசையில் அதே பழைய பெண், அதே சிரிப்பு.

"நீ இன்னும் இங்கயாம்மா இருக்கே?"

"நான் சாட்சி ஐயா. சாட்சியைக் கலைக்கக் கூடாதாம். தினமும் வந்து முன்ன மாதிரியே சிரிச்சுக்கிட்டு உட்காரணும்னு உத்தரவு."

"சம்பளம்?"

"அது கேஸ் முடிஞ்சாதான்." சிரிப்பு அப்படியேதான் இருந்தது.

காத்திருக்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த சட்டைப்பை கிழிந்த மனிதர் என்னை அளந்து பார்த்துவிட்டு, "நீங்க யாருக்குக் கீழே?" என்றார்.

"புரியலையே."

"புகார்ல. எனக்குக் கீழ அஞ்சு புகார்காரர் சேர்ந்தா என் புகார் அடுத்த மாடிக்குப் போகும். நாலு சேர்த்துட்டேன். நீங்க வந்தா சரியாயிடும். உங்களுக்குக் கீழயும் சேர்க்கலாம், கஷ்டமே இல்ல." நிழற்குடையில் பணம் சேர்த்தபோதும் அவர் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விட்டதைப் பிடிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அப்போது கூரையில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவில் அவளைப் போடுகிறார்கள். கூடம் முழுக்க அவள். நான் தைத்த சோபாவில் உட்கார்ந்து, எனக்கு மேலே, எனக்குப் பின்னால், தூணுக்குத் தூண் அவள் பேசுவதைக் கேட்டேன். தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. எதிர் வரிசையில் ஒரு கிழவர் கையில் இருந்த காகிதத்தைக் கசக்கி ஒலிபெருக்கியைப் பார்த்து வீசினார். "பத்திரமா இருக்காம். நாக்கு அழுகிப் போகட்டும் இவளுக்கு" என்றார். நான் எழுந்துவிட்டேன். அடித்திருப்பேன். ஆனால் அந்த ஆளின் செருப்பு இரண்டு வேறு வேறு ஜோடியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். அவள் நாக்கு மண்ணுக்குள் போய் எத்தனையோ நாளாயிற்று என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மேல் மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாளியின் நாற்காலியில் இயக்குநர். அது புதிதாக வாங்கியபோது சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் பொருளின் நிலை மாறிவிடும் என்று அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அசைந்தால் அது சத்தம் போடும். அதனால் முக்கியமான இடங்களில் மட்டும் அசைவார். அவருக்கு வலப்பக்கம் தனிப்படையின் தலைவி, இடப்பக்கம் வழுக்கைத் தலையும் நல்ல பேனாவுமாகச் சட்ட அலுவலர்.

"குற்றவாளிங்கள்ல இவ ஒருத்திதான் இன்னும் ஃபோனை எடுக்கறா" என்றார் தலைவி. "ஆள் தலைமறைவு. ஆனா விசாரணைக்குக் கிடைக்கறா. பல தடவை விசாரிச்சாச்சு." ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வாசித்தார்.

"கேள்வி: முதலாளி எங்கே? பதில்: உங்க பணம் பத்திரமா இருக்கு. கேள்வி: பணத்தைக் கேட்கலை, முதலாளி எங்கே? பதில்: நிம்மதியா இருங்க. கேள்வி: நீ தனியா இருக்கியா, கூட்டாளி உண்டா? பதில்: எங்க ஆள் சீக்கிரமே உங்ககிட்ட பேசுவாங்க." நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஆள் இருக்கறதை ஒத்துக்கிட்டா, கவனிச்சீங்களா? கேள்வி: எத்தனை நாளைக்கு இப்படி ஒளிஞ்சிருப்பே? பதில்: அதுவரைக்கும் நான் இருக்கேன். என்ன திமிர் பாருங்க. இதுக்கு நடுவுலதான் நீங்க வர்றீங்க. சாப்ட்டியான்னா என்ன சங்கேதம்?"

"சாப்பிட்டாளான்னு கேட்டேன் மேடம்."

"ஏன் கேட்டீங்க?"

"என் பெண்டாட்டி மேடம்."

நாற்காலி சத்தம் போட்டது. "நல்லதாப் போச்சு. கூட்டிட்டு வாங்க" என்றார் இயக்குநர்.

"செத்துட்டா சார்."

"எப்போ?" சட்ட அலுவலர் பேனாவைத் திறந்தார்.

"போன மழைக்காலத்துல."

"மழைக்காலத்துக்கு அப்புறமும் அவங்க ஃபோன்ல பேசியிருக்காங்க. எங்ககிட்ட ஆதாரம் இருக்கு."

இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். ரேஷன் கார்டு மாதிரி அதை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது அவங்க செத்ததுக்கு ஆதாரம். பேசலைங்கறதுக்கு ஆதாரம் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

"சார், அது அவ எப்பவோ பேசிக் குடுத்தது. அதை ஏன் நீங்க இன்னும் உங்க ஃபோன்ல வெச்சிருக்கீங்க? பணம் பத்திரமா இருக்குன்னு ஜனங்ககிட்ட பொய்தானே சொல்லுது?"

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "எங்களுக்கு ஃபோன் வாங்க நிதி ஒதுக்கலை. பறிமுதல் பண்ணின ஃபோனைப் பயன்படுத்திக்க அனுமதி குடுத்தாங்க. ஆனா அதுக்குள்ள இருக்கற குரல் சாட்சியம். ஒரு எழுத்து அழிக்கக் கூடாது. அதனால ஃபோன் எங்களோடது, பொய் அவங்களோடது. நாங்க அதை எடுத்துப் போடறோம், அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்து மேலும் சொன்னார். "எங்களைக் குறை சொல்லாதீங்க. இந்தக் கம்பெனியை நாங்க முதல் நாள்லேர்ந்தே கண்காணிச்சோம். திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டினதே நான்தான். கத்தரிக்கோல்ல தங்க முலாம். அப்பவே எனக்கு மனசுல உறுத்துச்சு. ஆனா அன்னிக்கு யாரும் புகார் குடுக்கலையே. எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன். மோசடி நடக்கறதுக்கு முன்னால நாங்க வந்தா அது மோசடியே இல்ல, வெறும் கம்பெனி. கம்பெனியைத் தடுக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது."

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. தங்க முலாம் பூசிய கத்தரிக்கோல் எங்கே என்று நான் கேட்கவில்லை. மேசை மேல்தான் கிடந்தது, தபால் உறைகளைப் பிரிக்க உதவுகிறது.

முறைப்படி குரலை அடையாளம் காட்ட வேண்டும் என்றார்கள். அடுத்த வாரம் குரல் அணிவகுப்பு. அதற்குள் நான் மகளோடு பேசினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அப்பா, நானும் அந்த நம்பருக்கு அடிக்கறேன்" என்றாள். "உங்களை ஃபோன் பண்ணச் சொன்ன அன்னிக்கே நானும் அடிச்சேன். ஆபீஸ்ல மாடிப்படியில நின்னு கேட்பேன். கடைசி வரியை மட்டும்."

"சொல்லவே இல்லையேம்மா."

"நீங்களும் சொல்லலையே." அழுகிறாள் என்று தெரிந்தது. "அவங்க அதை எடுத்துட மாட்டாங்களே? அம்மா மேல கேஸ் போட்டா போட்டுட்டுப் போகட்டும்பா. குரலை எடுத்துடாம பார்த்துக்கோங்க. நமக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவதாகத்தான் முடிவு செய்துகொண்டு போனேன்.

காத்திருப்புக் கூடத்தின் நடுவில் ஒரு திரை கட்டியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் அலுவலகப் பெண்கள் வரிசையாக நின்று, அந்த ஐந்து வரியையும் ஆளுக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். நடுவில் ஏதோ ஓரிடத்தில் இயந்திரம் அவளைப் போடும். முதல் குரல் தட்டச்சுப் பிரிவு. பதவி உயர்வு கிடைக்காத சலிப்போடு உங்க பணம் பத்திரமா இருக்கு என்றது. அடுத்தது துப்புரவு செய்கிற அம்மா. வரியை மறந்து, "என்னமோ இருக்காம்" என்று முடித்தார். தனிப்படைத் தலைவியும் போய் நின்றார். நிம்மதியா இருங்க என்று அவர் சொன்னதும் கூடத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வரவேற்புப் பெண் சொன்னபோது சிரிப்பு கேட்டது.

பிறகு அவள் வந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள் என்றே தோன்றியது. துணியின் கீழே தெரிந்த கால்களை எண்ணிக்கொண்டு போனேன். கேட்ட குரல்களுக்கு ஒரு ஜோடி குறைந்தது. அது எனக்கு முன்பே தெரியும், தெரிந்துதானே வந்தேன். ஆனாலும் தேடினேன். காகிதம் சரசரத்தது. மூச்சு இழுத்தாள். அதுவரைக்கும் நான் இருக்கேன் என்றாள். என் கண்ணில் நீர் கொட்டுவதைச் சட்ட அலுவலர் குறித்துக்கொண்டார்.

"இதுதானா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளைத் தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. "இதுதான் சார்."

"எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவர்களுக்கு அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாது. தெரிந்தால் விட்டுவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன், அட மடையா. "அந்தக் காகிதச் சத்தம் கேட்டீங்களா சார்? முதல் நாலு வரி முதலாளி எழுதிக் குடுத்தது. அவ அதைப் பார்த்துப் படிச்சா, அவ்வளவுதான். படிச்சு முடிச்சு கீழ வெச்சுட்டா. கடைசி வரி அவளோடது. யாரும் சொல்லிக் குடுக்கலை. தனியா நிக்கறவங்களுக்காக அவளாச் சொன்னது. ஏமாத்தறவ அப்படிச் சொல்லுவாளா?"

சட்ட அலுவலரின் பேனா நின்றது. "கடைசி வரி எழுத்துல இல்லையா?"

"இல்ல சார்."

"கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையா?"

"துளிகூட இல்ல சார்."

அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப முக்கியமான தகவல் ஐயா. கேஸோட முடிச்சே இதுலதான் இருக்கு" என்றார். அவ்வளவு அன்பாக ஓர் அரசு அதிகாரி என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலையே இயக்குநர் பத்திரிகைக்காரர்களை வரச் சொன்னார். நானும் ஓர் ஓரமாக நின்றேன். "முதல் குற்றவாளி அடையாளம் காணப்பட்டாங்க" என்று அறிவித்தார். அவர் இறந்துவிட்டாராமே என்று ஒரு நிருபர் கேட்டார்.

"ஆள் செத்தது ஆளோட சொந்த விஷயம். அதுல அரசாங்கம் தலையிடாது. குரல் நம்ம காவல்ல இருக்கு. அது தப்பிச்சுப் போகாது, ஜாமீன் கேட்காது, நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில படுத்துக்காது. இப்படி ஒரு ஒத்துழைப்பை நாங்க எந்தக் குற்றவாளிகிட்டயும் பார்த்ததில்ல."

"முதலாளி?"

"அவரைப் பத்திப் பேசினா விசாரணை பாதிக்கும்."

"ஜனங்க பணம்?"

நாற்காலி சத்தம் போட்டது. "பத்திரமா இருக்கு" என்றார். சொன்ன பிறகு அவரே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அந்தக் குரலுக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டேன். காவலில் இருப்பவரைப் பிரதி எடுக்க வழியில்லை என்றார்கள். நெருங்கிய உறவினர் என்பதால் மாதம் ஒருமுறை, காவலர் முன்னிலையில், வந்து கேட்டுவிட்டுப் போக அனுமதி தந்தார்கள். ஊரில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்கிற குரலுக்கு இந்த அனுமதி எதற்கு என்று நான் வாதாடவில்லை. போகும்போதெல்லாம் அவளுக்குப் பிடித்த சேலையைப் பையில் எடுத்துப் போகலாமா என்றுகூட யோசித்தேன். அந்த அலுவலகத்தில் புழங்கினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். மகளைக் கூப்பிட்டு, "எடுக்க மாட்டாங்கம்மா, காவல்ல வெச்சிருக்காங்க" என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள்.

சில நாள் கழித்து, மத்தியானம், வழக்கம்போலப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"சாப்ட்டியா?"

"வணக்கம். உங்க பணம் பத்திரமா இருக்கு. நிம்மதியா இருங்க. எங்க ஆள் சீக்கிரமே உங்ககிட்ட பேசுவாங்க." காகிதத்தைக் கீழே வைத்தாள். மூச்சை இழுத்தாள்.

அதோடு நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "வணக்கம்."

லைன் கோளாறாக இருக்கும் என்று மறுபடி கூப்பிட்டேன். மறுபடி மூச்சோடு நின்றது. சொல்ல வந்ததை யாரோ வாயைப் பொத்தி நிறுத்தியதைப்போல் இருந்தது. கடையைச் சாத்தவும் மறந்து ஓடினேன்.

கூடத்துக்குப் பக்கத்து அறையில் இருந்த சட்ட அலுவலர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நாற்காலி போட்டார். "உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும் ஐயா. ஃபோன்ல இருக்கற ஒரு வரியாவது மாத்த முடியாதான்னு மக்கள்கிட்டேர்ந்து ஏகப்பட்ட மனு. சாட்சியம்னு கையைக் கட்டிப் போட்டிருந்துச்சு. நீங்கதான் வழி காட்டினீங்க. முதல் நாலு வரி கம்பெனியோடது. அது குற்றத்தோட பாகம், தொடக் கூடாது. கடைசி வரி கம்பெனியோடது இல்ல. அப்போ அது சாட்சியமும் இல்ல. சாட்சியம் இல்லாத தனியார் பேச்சு அரசாங்க ஃபோன்ல இருக்கக் கூடாது. எடுத்தாச்சு."

"எடுத்து எங்க சார் வெச்சிருக்கீங்க?"

"வெக்கறதா? முறைப்படி அழிச்சாச்சு. ரெண்டு சாட்சி முன்னால." கண்ணாடிக் கதவு வழியாக வரவேற்புப் பெண்ணைக் காட்டினார். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"சார்" என்றேன். "அவ சொன்னதுல நிஜம் அது ஒண்ணுதானே சார். பொய்யையெல்லாம் வெச்சுக்கிட்டு அதைப் போய் அழிச்சுட்டீங்களே."

"நிஜமா பொய்யாங்கறது எங்க பிரிவுல வராது ஐயா. அதைவிட, அந்த வரியில ஒரு ஆபத்து இருக்கு. நான் இருக்கேன்னு பொதுமக்களுக்கு உறுதி குடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. நாளைக்கு யாராவது அதை நம்பி வந்து நின்னா யார் பதில் சொல்றது?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய் ரெக்சின் நிறம் பார்த்த அதே சுவர். ஏதாவது மிச்சம் வேண்டும் என்கிற ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது. "அந்த மூச்சையாவது விட்டு வைங்க சார்."

"எந்த மூச்சு?"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் உடனே ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார். திரும்பவும் கேட்டார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது.

"ஆமா, இருக்கு. காகிதத்தைக் கீழ வெச்ச அப்புறம்." பேனாவைத் திறந்து மூடினார். "இது நாலாவது வரியோட முடிவா, அஞ்சாவது வரியோட ஆரம்பமா? முடிவுன்னா சாட்சியம். ஆரம்பம்னா அழிக்கணும். இதை நான் முடிவு பண்ண முடியாது ஐயா. கருத்து கேட்டு மேலிடத்துக்கு எழுதறேன். பதில் வரட்டும்."

"எப்போ சார் வரும்?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. இந்தக் கம்பெனியைப் பத்தி முதல் நாள் நாங்க எழுதினதுக்கே இன்னும் பதில் வரலை" என்றார்.

மகள் அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். அவளும் கேட்டுவிட்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்பதையும் சேர்த்து. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மூச்சு இருக்கேப்பா" என்றாள் மெதுவாக.

இப்போதும் மத்தியானம் கூப்பிடுகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். பணம் பத்திரமாக இருக்கிறது என்கிறாள், காகிதத்தைக் கீழே வைக்கிறாள், மூச்சை இழுக்கிறாள். அதற்கு அப்புறம் வருவதை நான் என் வாயால் சொல்லிப் பார்த்தேன். அது என் குரலாகத்தான் இருந்தது. ஆயுசு முழுக்க அரசாங்கத்தின் தாமதத்தைத் திட்டியவன் நான், தபால்காரர் இயக்ககத்துத் தெருவில் திரும்பினால் இப்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மேலிடத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் அது இருக்கும்.